லாஃப்டிங் தளம் ஒருவழியாக மட்டத்துக்கு வந்தது

படகின் கோடுகளை முழு அளவில் வரைகிற தரைதான் லாஃப்டிங் தளம். எங்களுடையது இருபத்துநான்கு அடி நீளம், எட்டு அடி அகலம். எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு மட்டம் பிடித்தாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. பாராட்ட வேறு ஆள் இல்லாததால் நானே பாராட்டிக்கொள்கிறேன். கூரை மாற்றியது, சுவர்ப் பூச்சை உரித்தது பற்றியெல்லாம் இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை. பழைய கட்டடத்தில் கை வைத்தவர்கள் எல்லாரும் படுகிற பாடுதான் அது. இன்றைக்குத் தரை மட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் சும்மா கிடந்த ஒரு பழைய குடோனைக் குத்தகைக்கு எடுத்து, மரப்படகு கட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர், பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு பேர், நான். எங்கள் எல்லாருக்கும் மேலே ஓடாவி ஐயா. ஓடாவி என்றால் மரப்படகு கட்டும் தச்சர். சனி ஞாயிறு வேலைதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பாதி ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குடோன் தரை கடப்பாக்கல். கட்டும்போதே ஆற்றுப் பக்கமாகச் சரித்துப் பாவியிருக்கிறார்கள், கழுவின தண்ணீர் தானாக வெளியே ஓடட்டும் என்று. பின்சுவரிலிருந்து ஆற்று வாசலுக்கு வருவதற்குள் நாலு அங்குலம் இறங்குகிறது. நடுவில் ஒரு பள்ளம் வேறு. மூட்டை அடுக்க அது போதும். படகு வரைய முடியுமா?

“சிமெண்ட் போட்டு லெவல் பண்ணிடலாமே” என்று வருகிறவர் எல்லாரும் சொன்னார்கள். ஒரு கான்ட்ராக்டர் கேட்காமலே அளந்து கணக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு மூலையில் முன்பு யாரோ போட்டிருந்த சிமெண்டைப் பார்த்தால் அந்த ஆசையே வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆற்றில் கடல் ஓதம் பெருகும்போது கல் இடுக்கில் உப்புத்தண்ணீர் கசிந்து ஏறுகிறது. இறங்கிக் காயும்போது உப்பு பூக்கிறது. மேலே சிமெண்ட் மூடியிருந்தால் உப்பு அடியிலேயே விளைந்து, மேல்தோலை அப்பளம் மாதிரி எழுப்பிவிடுகிறது. சுவருக்கு நாங்கள் சுண்ணாம்புப் பூச்சோடு நின்றதற்கும் இதே காரணம்தான். ஈரம் வெளியே போக வழி வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் கல்லைத் தொடவில்லை. அதன்மேல் கால் வைத்த மரத்தளம். கூரையிலிருந்து இறக்கிய பனங்கைகளில் செல் அரிக்காத துண்டுகளை வெட்டிக் கால்களாக்கினோம். குறுக்கே நாலுக்கு ரெண்டு சட்டங்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் எதிரும் புதிருமாக இரண்டு கருவேல ஆப்பு. இரண்டையும் ஒன்றையொன்று நோக்கித் தட்டினால் கால் உயரும், எதிர்ப்பக்கம் தட்டினால் இறங்கும். சட்டங்களின் மேலே ப்ளைவுட் இரண்டு அடுக்கு, கீழே 12 மி.மீ., மேலே 9 மி.மீ. மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் ஒன்றின்மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளிப் போட்டோம்.

வெறும் கோடு போட மட்டும் என்றால் தளம் நேராக இருந்தால் போதும், மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இதே தளத்தில்தான் பின்னால் மோல்டுகளை (படகின் குறுக்குவெட்டு வடிவத்தில் வெட்டிய அச்சுகளை) நிறுத்தித் தூக்குக்குண்டு பிடிக்கப் போகிறோம். தளம் சரிந்திருந்தால் ஒவ்வொரு மோல்டுக்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் அந்த வம்பு வேண்டாம்.

இனி மட்டம் பிடித்த கதை. முதலில் லேசர் கொண்டு வந்தோம். கோட்டின் தடிமனே தூரத்தில் மூன்று மி.மீ. ஆகிவிடுகிறது. பெட்டியிலும் பத்து மீட்டருக்கு மூன்று மி.மீ. முன்பின் என்று அச்சடித்திருந்தது. கதவு ஜன்னல் வைக்க அது தாராளம், எங்களுக்கு ஆகாது. சரி, கொத்தனார் வழிக்கே போவோம் என்று டியூப் எடுத்தோம். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரம். இதைவிட நேர்மையான கருவி கிடையாது என்று நினைத்திருந்தேன்.

அது காலையில் ஒன்று சொன்னது, பத்து மணிக்கு மேல் வேறொன்று சொன்னது. ஆப்பைத் தட்டிச் சரிசெய்துவிட்டுச் சாயங்காலம் பார்த்தால் மறுபடி இரண்டு மி.மீ. தள்ளி நின்றது. காற்றுக்குமிழியோ என்று குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். வாளியிலிருந்து உறிஞ்சி மெதுவாக நிரப்பினோம். குமிழி ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு சோப்பும் விட்டோம். குமிழி ஒன்றுகூட இல்லை, வித்தியாசம் மட்டும் போகவில்லை. கல் ஆடுகிறதோ, ஓதம் ஏறினால் தரையே அசைகிறதோ என்றெல்லாம் பேச்சு போனது. பையன் ஒருவன் ஆற்றுத் தண்ணீர் உயரத்தைக் கரைக்கல்லில் குறித்து வைக்கவே ஆரம்பித்துவிட்டான்.

வாத்தியார்தான் கூரையைப் பார்த்தார். புதிதாக மேய்ந்தபோது வெளிச்சத்துக்காக நடுவில் சில கண்ணாடி ஓடு போட்டிருந்தோம். பத்து மணிக்கு மேல் அந்த வெயில் கட்டம் கட்டமாக இறங்கி, ஆற்று வாசல் பக்கம் நிமிர்த்திக் கட்டியிருந்த குழாய் முனையில் விழுகிறது. இன்னொரு முனை சுவரோரம், குளுகுளுவென்று நிழலில். சூடான தண்ணீர் விரியும், அதே எடைக்கு உயரமாக நிற்கும். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு மீட்டர் உயரத்துத் தண்ணீர் பத்து டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய மூன்று மி.மீ. உயர்ந்துவிடும் என்று தரையிலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினார். தரையில் படுத்துக் கிடக்கும் குழாய் எவ்வளவு சூடானாலும் கவலையில்லையாம். நிமிர்ந்து நிற்கும் இரண்டு முனைகளில்தான் விஷயம் இருக்கிறது.

வைத்தியம் சுலபம். நிமிர்ந்த முனைகளை இடுப்பளவுக்குக் கட்டாமல் தளத்தைத் தாண்டி ஒரு சாண் மட்டும் நிற்கும்படி வைத்தோம். உயரம் குறைந்தால் பிழையும் அதே கணக்கில் குறையும். இரண்டு முனைக்கும் ஈரத்துணி சுற்றினோம். அளப்பது வெயில் ஏறுவதற்கு முன்னால் மட்டும். அப்புறம் ஒரே விடியற்காலையில் எல்லாக் கால்களும் வழிக்கு வந்துவிட்டன. டியூப் வைத்து அளக்கிற யாராக இருந்தாலும் சொல்கிறேன், குழாயில் குமிழியைத் தேடுவதற்கு முன்னால் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

ப்ளைவுட் பற்றி ஒரு புலம்பல். படகுக்கென்றே மொத்தமாக வாங்கியது இது. கடைக்காரர் “மரைன் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். முத்திரையும் ஐ.எஸ். 710 என்றுதான் இருந்தது. அந்தத் தரம் உண்மையானால் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடக்கூடாது. நாங்கள் ஒரு துண்டை வெட்டி வெந்நீர் அடுப்பில் போட்டோம். சாயங்காலத்துக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்து, புத்தகம் மாதிரி புரட்ட வந்தது. திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அதனால்தான் அந்தச் சரக்கு தண்ணீருக்குப் போகாமல் எங்கள் காலடியில் கிடக்கிறது. முத்திரையை நம்பாதீர்கள், கொதிக்க வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மேலே பளபளப்பில்லாத வெள்ளைப் பெயிண்ட் அடித்து முடித்த அன்று ஓடாவி ஐயா வந்து சுற்றிப் பார்த்தார். “இவ்வளவு பெரிய பலகையில படம் போட்டாத்தான் படகு வருமா தம்பி?” என்றார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை அவருக்கு. அவர் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையை வைப்பார், அணியத்துக்கும் (முன்முனை) அமரத்துக்கும் (பின்முனை) கட்டை நிறுத்துவார், நடுவில் சில வங்கு, அதாவது பலகையைத் தாங்கும் வளைந்த விலாச்சட்டம். எல்லாமே ஏரா நீளத்திலிருந்து பிறக்கிற அளவுகள். மீதியைப் பலகை தானே சொல்லும் என்பார்.

“உங்களுக்கு வேண்டாம் ஐயா, எங்களுக்கு வேணும்” என்றேன். அந்த அளவெல்லாம் அவர் கையில் இருக்கிறது, தாளில் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகு ஆனபின் அவரிடம் வந்து நின்று கற்றுக்கொள்ளவும் யாரும் இல்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் நூறு வருஷத்துக்கு முன்பே நம் கரைப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். 1979-ல் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டத்திலும் படகு ஆராய்ச்சி நடந்தது. படிக்க அருமையான சமாச்சாரம்தான். ஆனால் உள்ளங்கை அளவுப் படத்தை வைத்துக்கொண்டு பலகை அறுக்க முடியாது. அதனால் நாங்கள் தலைகீழாகப் போகிறோம்: இருக்கிற ஒரு பழைய வள்ளத்தை அளந்து, முழு அளவில் இந்தத் தளத்தில் இறக்கி, அதிலிருந்து பையன்கள் அச்சு வெட்டுவார்கள்.

வள்ளம் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தது, பதினெட்டு அடி. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு விரல் வித்தியாசம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம் என்றார் வாத்தியார். ஓடாவி ஐயா தடவிப் பார்த்துவிட்டு, “இடப்பக்கம் கரையில மோதி மோதிக் கெடந்திருக்கு. வலப்பக்கத்த எடு” என்று முடித்துவிட்டார். எடுத்தோம்.

புள்ளிகளெல்லாம் குத்தி, ஆணி அடித்து, ரீப்பரை, அதாவது வளைந்துகொடுக்கும் நீண்ட மெல்லிய மரக்குச்சியை, வளைத்து முதல் கோடு. மேல்விளிம்புக் கோடுதான் எப்போதும் முதலில் கண்ணில் படுவது, அது சரியில்லை என்றால் படகே சரியில்லை. அணியத்திலிருந்து நாலாவது நிலையில் (குறுக்கே அளவெடுத்த நாலாவது இடத்தில்) மட்டும் ஒரு சின்னத் திமில் தெரிந்தது. அளவுகளைத் திரும்பச் சரிபார்த்தோம், பிழை இல்லை. ஐயா துண்டை உதறிப் போட்டுவிட்டுத் தளத்தில் ஒருக்களித்துப் படுத்தார். கன்னம் பலகையில் பட, ஒரு கண்ணை மூடிக் கோட்டை நீளவாக்கில் பார்த்தார். “படகு மேல குத்தம் இல்ல. ரீப்பரத் திருப்பிப் போடு.” தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டதும் திமில் அமரத்துப் பக்கம் போய்விட்டது. ரீப்பரில் அந்த இடத்தில் ஒரு கணு, கண்ணுக்கே தெரியாத அளவு. அங்கே மட்டும் வளைய மறுக்கிறது.

ஆக, தளம் தயார், ரீப்பர் இல்லை. மரவாடியில் பத்தடிக்கு மேல் கணு இல்லாத தேக்கு கேட்டால் சிரிக்கிறார்கள். இரண்டைச் சாய்வாகச் சீவி ஒட்டலாம், ஆனால் ஒட்டின இடம் விறைப்பாக நின்று இன்னொரு கணுவாகிவிடுமோ என்று பயம். காரைக்குடியில் இடித்த வீட்டு மரம் விற்கிற ஒருவரிடம் நீளமான பர்மா தேக்குச் சட்டம் இருக்கிறது. அவர் அதைக் கலைப்பொருள் விலைக்குத்தான் கொடுப்பேன் என்கிறார். அறுத்து விரல்கனத்துக்குக் குச்சியாக்கப் போகிறோம் என்று சொன்னால் தரவே மாட்டார் போலிருக்கிறது, அதனால் இன்னும் சொல்லவில்லை.

வங்குக்கு மட்டும் எங்களுக்கு யோகம். இயல்பாகவே வளைந்த கருவேலக் கொம்புதான் அதற்கு வேண்டும், நேர் மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் நார் அறுந்து பலம் போய்விடும். மரவாடியில் கோணல் மரத்துக்கு மதிப்பில்லாததால் அது நேராக விறகுக் கடைக்குப் போகிறது. நாங்களும் விறகுக் கடைக்கே போகிறோம், விறகு விலைக்கே வாங்குகிறோம். பட்டை பார்த்து எடுக்க வேண்டும், சீமைக்கருவேலத்தை நாட்டுக் கருவேலம் என்று தலையில் கட்டிவிடுவார்கள். பலா முயற்சி செய்யலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. பண்ருட்டி பக்கத்தில்தான் இருக்கிறது, வீணைக்குப் போகிற மரம் நமக்கும் கொஞ்சம் கிடைக்காதா?

ஆற்றுக்குள் இறங்கும் சாய்தளம் இப்போதைக்கு இல்லை. ஓதம் ஏறும் ஆறு என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறோம், பழைய கட்டடத்தைச் செப்பனிடுவது வேறு, கரையில் புதிதாகக் கட்டுவது வேறு. மனு போட்டிருக்கிறோம். அதுவரை உருளைக் கட்டை வைத்துத் தள்ளிக்கொள்ள வேண்டியதுதான், அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே.

முதல் வள்ளமே வங்கு நிலையைத் தொடவில்லை, அதற்குள் எனக்கு மசூலா ஆசை வந்துவிட்டது. ஆணியே இல்லாமல் பலகையோடு பலகை கயிற்றால் தைத்த படகு, உள்ளே வங்கும் கிடையாது. அலை அடித்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னைக் கரைக்கு ஆளையும் சரக்கையும் இறக்கியது அதுதான். ஐயாவிடம் கேட்டேன். தையல் தன் தொழில் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார், ஆனால் தேங்காய்நார்க் கயிற்றை எந்த முறுக்கில் திரிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். கயிறு நல்லதாகக் கிடைக்கிற ஒரு ஊரையும் சொல்லியிருக்கிறார். காரைக்குடிக்காரர் விலை குறைக்கிறாரா என்று பார்த்துவிட்டு, இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.