முழு மூடியாகக் கழன்று வரும் தேங்காய்

தேங்காயைக் கோணல் இல்லாமல் இரண்டாக உடைக்க வேண்டும், பருப்பைச் சில்லு சில்லாகப் பெயர்க்காமல் முழு மூடியாக எடுக்க வேண்டும். இந்த இரண்டும்தான் இலக்கு. முதலாவது சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. இரண்டாவதுக்குத்தான் மெனக்கெட வேண்டியிருந்தது.

நாரை உரித்தாலும் குடுமியை மட்டும் உடைக்கிற நாள் வரை விட்டுவைக்கிறேன். கண்கள் மூடியிருந்தால் காய் எளிதில் கெடாது. கண்ணைச் சுற்றி ஈரமோ பூஞ்சையோ தெரிந்தால் அந்தக் காய் வேண்டாம்.

குடுமியை எடுத்த பிறகு மூன்று கண்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். முளை வெளியே வருகிற வழி அதுதான். ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்தினாலே உள்ளே இறங்கிவிடும். மற்ற இரண்டோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. தண்ணீரை நேராகப் பாத்திரத்தில் ஊற்றாமல் ஒரு டம்ளரில் பிடித்து முதலில் முகர்ந்து பார்ப்பேன். புளித்த வாடை வந்தால் பருப்பையும் நம்ப முடியாது.

உடைப்பதற்குப் பலம் தேவையே இல்லை, அடிக்கும் இடம்தான் முக்கியம். கண்கள் இருக்கும் பக்கத்திலிருந்து ஓட்டின் மேல் மூன்று வரம்புகள் கீழே இறங்குகின்றன. அவற்றுக்குக் குறுக்கே, காயின் நடுவயிற்றில் ஒரு வளையம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கனமான கத்தியின் முதுகால் தட்ட வேண்டும். ஒரு தட்டு, கொஞ்சம் சுழற்றல், மறுபடி ஒரு தட்டு. மடித்த துணியின் மேல் காயை வைத்துப் பிடித்துக்கொண்டால் கை தப்பும். காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஒரு கட்டத்தில் திடீரென்று 'டொக்' என்று அடைத்துப்போகும். ஓட்டில் விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே இன்னும் இரண்டு தட்டு தட்டினால் வளையம் முழுவதும் விரிசல் ஓடி, காய் இரண்டாகப் பிளந்துவிடும்.

இனி பருப்பு. கத்தி நுனியால் நெம்புவதில் எனக்குச் சுத்தமாக விருப்பமில்லை. கத்தி வழுக்கினால் நேராக உள்ளங்கைதான். சூடு, குளிர் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அடுப்புத் தணலில் ஓட்டுப் பக்கத்தைக் காட்டினால் பருப்பு விளிம்பிலிருந்து பிடி விடத் தொடங்குகிறது. வேகமான வழிதான், ஆனால் ஓடு கருகிப் புகை வாடை ஏறுகிறது, பருப்பின் ஈரமும் குறைகிறது. உடைத்த மூடிகளை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டு, ஓட்டைச் சுற்றிலும் தட்டினேன். விளிம்பில் மொட்டைக் கரண்டியின் காம்பை நுழைத்து லேசாகத் திருகியதும், வெள்ளைக் கிண்ணம் போல முழு மூடியும் அப்படியே கையில் வந்தது. அவசரமில்லாத நாளில் இதுவே என் வழி. உறைந்து இளகிய பருப்பு கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். அரைப்பதற்கும் பால் எடுப்பதற்கும் அது ஒரு குறையே இல்லை. கறுக்கென்று கடித்துத் தின்ன வேண்டுமென்றால் உறைய வைக்காத காய்தான் சரி.

துருவப் போகிறீர்கள் என்றால் இத்தனை பாடும் வேண்டாம். ஓட்டோடு பிடித்துத் துருவுவதுதான் சுலபம்.

பால் எடுக்க வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைக்கிறேன். குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு சரியாகப் பிரிந்து வருவதில்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையக்கூடியது. எடுத்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கெட்டியாக ஆடை கட்டுவதும் அதனால்தான். கெட்டுப்போனதென்று கொட்டிவிடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்ததும் கலக்கினால் சேர்ந்துகொள்ளும்.

இன்னும் எனக்குப் பிடிபடாதது பழுப்புத் தோல். பீலரால் சீவினால் தோலோடு நல்ல பருப்பும் கொஞ்சம் போகிறது, மூடியின் வளைவில் பீலர் சரியாக உட்காருவதுமில்லை. துண்டுகளாக நறுக்கிய பிறகு சீவினால் சேதம் குறைகிறது, நேரம்தான் இழுக்கிறது. பால் பளிச்சென்று வெள்ளையாக வேண்டும் என்கிற நாளில் மட்டும் சீவுகிறேன். மற்ற நாளில் தோலோடுதான் மிக்ஸிக்குப் போகிறது.