நங்கநல்லூர் வீட்டு டிரெயினேஜ் லைனை மாற்றிய கணக்கு

எங்கள் வீட்டு டிரெயினேஜ் லைனைத் தோண்டி மாற்ற 1,07,000 ரூபாய் ஆனது. அதில் குழாய், பெண்டு, ரப்பர் ரிங் எல்லாம் சேர்த்து 13,800 தான். மீதிப் பணத்தில் பெரும்பகுதி அந்தக் குழாய் இருக்கும் ஆழத்துக்குத் தோண்டவும், வேலை முடிந்ததும் பழையபடி மூடவும் போனது. எஸ்டிமேட் கொடுக்க வருபவர்கள் குழாயின் விலையைத்தான் நீட்டி முழக்கிச் சொல்வார்கள். எங்கே தோண்டப் போகிறீர்கள், எத்தனை அடி, எத்தனை அடி ஆழம் என்று கேட்டால்தான் உண்மையான கணக்கு வெளியே வரும்.

வீடு நங்கநல்லூரில் இருக்கிறது. அப்பா 70-களில் கட்டியது. அப்போது இந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது, எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 2000-களின் தொடக்கத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களிடமே வைப்புத்தொகையாக வாங்கிக்கொண்டு தொடங்கிய திட்டம் அது. அப்பா அந்த ரசீதைக் கடைசிவரை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பிறகு எல்லாம் குடிநீர் வாரியத்தின் கைக்குப் போனது. இந்தப் பழைய கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிரச்சினையே அந்த மாற்றத்தின்போது செய்த ஒரு வேலையில்தான் ஒளிந்திருந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. மாடியில் குடியிருப்பவர்கள் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது கீழே எங்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டையில், அதாவது நஹானி டிராப்பில், களக் களக் என்று குமிழி விடும். தண்ணீர் போகவேண்டிய வேகத்தில் போகாமல் குழாயில் தேங்கினால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கிடைத்த வழியில் மேலே வரும். அப்புறம் நாற்றம். அதன் பிறகு ஒருநாள் அந்த டிராப் வழியாகவே சோப்பு நுரையோடு தண்ணீர் திரும்பி ஏறியது.

அடைப்பு எடுப்பவர் வந்து மூங்கில் கழி, ஸ்பிரிங் ராடு எல்லாம் விட்டுக் குத்தி 2,000 வாங்கிக்கொண்டு போவார். தண்ணீர் விறுவிறுவென்று போகும். சில வாரம் கழித்து மறுபடி அதே சத்தம். பிறகு தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் தனியார் ஜெட்டிங் வண்டியைக் கூப்பிட்டோம், 4,500. அது கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கியது. அவ்வளவுதான். ஆசிட் ஊற்றிப் பாருங்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைக்கிறதென்றால் அங்கே குழாயின் வடிவத்திலேயே கோளாறு இருக்கிறது, ஆசிட்டுக்கு அங்கே வேலை இல்லை.

இது நம் லைனா, தெரு லைனா என்பதைக் காசில்லாமல் பார்த்துவிடலாம். காம்பவுண்டுக்குள், லைனின் நடுநடுவே திறந்து பார்க்கக் கட்டியிருக்கும் தொட்டிதான் சேம்பர். அதில் தெருவை ஒட்டிய கடைசி சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள். அதுவும் நிறைந்து, தெருவில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் இதையே புலம்பினால் தெருவில் அடைப்பு. குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் புகார் கொடுத்தால் போதும். நாம் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிற வரியில் அதெல்லாம் அடக்கம். கடைசி சேம்பர் காலியாக இருந்து, அதற்கு முந்தையது நிறைந்திருந்தால் செலவு நம் தலையில். எங்கள் வீட்டில் வாசல் பக்கத்து சேம்பர் காய்ந்து கிடந்தது, பின்பக்கத்து சேம்பர் விளிம்புவரை நின்றது. இரண்டுக்கும் நடுவில் 42 அடி.

இந்தக் கட்டத்தில் ஒருவர் வந்து, தெரு மேன்ஹோலில் ஆள் இறக்கி அந்தப் பக்கத்திலிருந்து ராடு விட்டால் சுத்தமாகிவிடும் சார், 3,000 கொடுங்கள் போதும் என்றார். சரி என்று சொல்லிவிடாதீர்கள். மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறக்கச் சொன்னவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை உண்டு. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் கிடக்கட்டும். மூடியைத் திறந்த மேன்ஹோலில் என்ன வாயு நிற்கிறது என்று மேலே நிற்கிற யாருக்கும் தெரியாது. காலங்காலமாக யாரை அதில் இறக்குகிறோம் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. அவரை அனுப்பிவிட்டேன். தெருவில் மட்டும் இயந்திரம் விட்டுப் பார்க்கும்படி வாரியத்தில் புகார் போட்டேன். ஜெட்ராடிங் வண்டி வந்து பார்த்து, தெரு லைனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. நான் நினைத்ததும் அதுதான்.

பிறகு எஸ்டிமேட் வாங்கினேன். முதலில் வந்தவர் எதையும் திறந்து பார்க்கவே இல்லை. பின்பக்கத்திலிருந்து தெரு மேன்ஹோல் வரை மொத்தமும் புதுசு, ரோடு வெட்டுவதையும் சேர்த்து 1,75,000 என்றார். இரண்டாமவர் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நாலு இடத்தில் உடைத்து ஒட்டுப்போட்டுத் தருவதாக 45,000 சொன்னார். எந்த நாலு இடம் என்று கேட்டதற்கு, உடைத்தால்தான் சார் தெரியும் என்றார்.

அதனால்தான் குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற கேமராவுக்கு 6,000 ரூபாய் கொடுத்தேன். அம்மாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. "சாக்கடைக்கு எதுக்குடா ஸ்கேன்?" என்று கேட்டார்கள். முதல் நாள் ஜெட்டிங் செய்து லைனைக் கழுவிவிட்டுத்தான் கேமரா விடவேண்டும், இல்லாவிட்டால் கறுப்புத் திரைக்குக் காசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். கேமரா ஆள் சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, மஞ்சள் வயரைப் பின்பக்க சேம்பர் வழியாகத் தள்ளினார். திரையின் மூலையில் மீட்டர் ஓடியது. முதலில் சுத்தமான வட்டம், நடுவில் மெல்லிய ஓடை. ஒவ்வொரு ஜாயின்டிலும் ஒரு வளையம் வந்து போனது. 7 மீட்டரைத் தாண்டியதும் தண்ணீர் மட்டம் பக்கச் சுவர்களில் ஏற ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் கேமராவே பாதி முழுகியது. மேலே வெள்ளையாக எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தது, அதில் தேங்காய் நாரும் குழந்தைக்குத் துடைக்கிற ஈரத் துணி ஒன்றும் சிக்கி ஆடிக்கொண்டிருந்தன. 10 மீட்டர் வந்ததும் குழாய் மறுபடி மேலேறியது, தண்ணீர் வடிந்தது.

குழாய் உடையவே இல்லை. நடுவில் தொய்ந்திருந்தது. கழுவிவிட்டாலும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் எப்போதும் நிற்கும், கனமானதெல்லாம் அங்கேயே படியும். எத்தனை ஜெட்டிங் செய்தாலும் தீராத நோய்.

கேமரா ஆள் தரையில் தட்டி, இந்த இடம்தான் சார் என்று சாக்பீஸால் கோடு போட்டார். அதைப் பார்த்ததும் அம்மா, "அங்கதானேடா பழைய டேங்க் இருந்துச்சு?" என்றார்கள். மொத்தமும் விளங்கிவிட்டது. பாதாளச் சாக்கடை வந்தபோது செப்டிக் டேங்கைக் காலி செய்து, கட்டட ரப்பிஷைக் கொட்டி மூடி, அதன்மேலேயே குழாயைப் போட்டிருக்கிறார்கள். இருபது வருஷத்தில் ரப்பிஷ் அமுங்கியது, குழாயும் கூடவே இறங்கியது. செப்டிக் டேங்கிலிருந்து பாதாளச் சாக்கடைக்கு மாறிய பழைய வீடுகளில் இதை முதலில் சந்தேகப்படலாம். டேங்க் எங்கே இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை வாசல் சேம்பரிலிருந்து தெருப் பக்கமும் விடச் சொன்னேன். அந்தத் துண்டு நன்றாகவே இருந்தது. ரோட்டை வெட்ட வேண்டாம் என்று ஆனது, அதுதான் பெரிய மிச்சம். முதல் எஸ்டிமேட்டில் ரோட்டுக்கு மட்டும் 55,000 போட்டிருந்தார். ரோடு வெட்ட மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, சீரமைப்புக் கட்டணமும் கட்டவேண்டும். அதோடு வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ரோடு வெட்ட அனுமதி கிடைக்காது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது செப்டம்பர் மாதம்.

வேலையை ஒப்புக்கொண்டவர் எங்கள் ஏரியாவிலேயே பழைய பிளம்பர். அவர் முதலில் செய்தது, ஒரு டியூப் லெவலை, அதாவது மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபை, எடுத்து இரண்டு சேம்பருக்கும் மட்டம் பார்த்ததுதான். 42 அடிக்கு 9 அங்குல இறக்கம் கிடைத்தது. 4 இன்ச் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி இறக்கம் வேண்டும் என்பது கணக்கு, அப்படியானால் எங்களுக்கு 12 அங்குலத்துக்கு மேலே தேவை. 6 இன்ச் குழாய்க்கு 60-க்கு ஒன்று போதும், எட்டரை அங்குலத்துக்குள் முடிந்துவிடும். அதனால் 6 இன்ச் போட்டோம். இறக்கத்தைக் கூட்டிவிடலாமே அண்ணே என்று கேட்டேன். "ரொம்பச் சரிவு வச்சா தண்ணி முன்னாடி ஓடிடும் தம்பி, மத்தது பின்னாடி தங்கிடும்" என்றார்.

டேங்க் இருந்த இடத்தில் வெறும் மண்ணைப் போட்டு மூட அவர் ஒப்பவில்லை. மேல்மட்ட ரப்பிஷை அள்ளிவிட்டு, மணல் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி, பழைய டேங்கின் இரண்டு சுவர்களிலும் உட்காருகிற மாதிரி கம்பி கட்டி ஒரு கான்கிரீட் பலகை போட்டார். குழாய் அதன்மேல் போகிறது. கீழே ரப்பிஷ் இன்னும் அமுங்கினாலும் குழாய் அசையாது. இதற்கு 11,200 ஆனது. இந்தச் செலவை மட்டும் எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வாசல் சேம்பரைப் புதிதாகக் கட்டி, நடுவில் இன்னொன்று சேர்த்ததற்கு, போர்ட்டிகோவில் கார் ஏறுகிற இடத்துக்கான கனமான மூடியோடு 19,500. தோண்டுவதும் பிளம்பிங்கும் கொத்து வேலையும் சேர்த்துக் கூலி 38,000. இடிபாட்டை அள்ளிப் போக 4,500. சந்திலும் போர்ட்டிகோவிலும் டைல்ஸ் மறுபடி பதிக்க 14,000. கேமராக்காரரின் 6,000-ஐயும் சேர்த்தால் மொத்தக் கணக்கு வந்துவிடும். மேலே சொன்ன பழைய அடைப்பு எடுத்த செலவுகள் இதில் சேரவில்லை, அதையெல்லாம் கூட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நடு சேம்பர் எதற்கு என்று நானே கேட்டேன். இனிமேல் எங்கே அடைத்தாலும் இருபது அடிக்குள் கைக்கு எட்டும், டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான்.

தோண்டும்போது இன்னொன்றும் கிடைத்தது. மொட்டைமாடி மழைத்தண்ணீர்க் குழாய் ஒன்று வாசல் சேம்பருக்குள் இறங்கியிருந்தது. எந்தக் காலத்தில் யார் இணைத்தார்களோ. மழை வலுத்தால் தெருச் சாக்கடை பொங்குவதற்கு இப்படிப்பட்ட இணைப்புகளும் ஒரு காரணம். 2003-லேயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆகிவிட்ட ஊரில் இது கிடந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்து மழைநீர்த் தொட்டியில் சேர்த்தோம். பிளம்பர் அதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை, பைப்பை மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

மூடுவதற்கு முன் இரண்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். கீழ் முனையை அடைத்து, மேல் சேம்பரில் தண்ணீர் நிரப்பி, சுவரில் ஒரு கோடு போட்டு அரைமணி நேரம் விடவேண்டும். மட்டம் இறங்கினால் எங்கோ ஜாயின்ட் கசிகிறது. எங்களுக்கு ஒரு ஜாயின்ட் கசிந்தது. ரப்பர் ரிங்கில் மணல் ஒட்டியிருந்தது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்கள். மண்ணைப் போட்ட பிறகு தெரிந்திருந்தால் மறுபடி தோண்டுகிற கூலி ஆகியிருக்கும். இரண்டாவது சோதனைக்கு, மேலே ஒரு வாளி மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த சேம்பரில் பார்ப்பது. நிறம் ஒரே வீச்சாக வந்து போகவேண்டும், நடுவில் தங்கி மெதுவாக ஒழுகக் கூடாது. குழாய் திறந்து கிடக்கும்போதே டேப் வைத்து ஆழத்தையும், சுவரிலிருந்து தூரத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லைன் துண்டித்துக் கிடந்தபோது நாங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். மாடிக் குடித்தனக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, அந்த மாத வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அவர்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதுதான் முறை.

இப்போது பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. சமையலறைக்கு வெளியே கழிவுநீர் வந்து விழும் சின்னத் தொட்டியான கல்லி டிராப்பில் படியும் பிசுக்கை மாதம் ஒருமுறை எடுத்துவிடுகிறோம். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுவதில்லை, ஈரத் துணிகளைப் போட மாடிக்கும் ஒரு குப்பைக்கூடை வாங்கிக் கொடுத்தாயிற்று. நடு சேம்பர் மூடியை அவ்வப்போது தூக்கிப் பார்ப்பேன். தெருப் பக்கத்துத் துண்டு மட்டும் அந்த 2000-களின் பழைய குழாய்தான். மழை முடிந்ததும் ஜனவரியில் அதில் மறுபடி கேமரா விட அதே ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏதாவது இருந்தால் அடுத்த மழைக்கு முன்னால் ரோட்டு அனுமதிக்கு எழுதிப்போட நேரம் கிடைக்கும்.