தொடலாமோ மாமா?

விமான ரிக்கற் போட்ட அன்றைக்கே சின்ன மருமகன் வைபரில் கேட்டுவிட்டான். "மாமா, கிளிநொச்சியில சயன்ஸ் சென்ரர் இருக்கோ?"

"இல்லையடா. குளம் இருக்கு. உப்பளம் இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தங்கச்சிதான் கதைத்தாள்.

அவன் கவலை எனக்கு விளங்கும். ரொறொன்ரோவில் அவர்களுக்குக் கிட்ட இருந்த ஒன்ராறியோ சயன்ஸ் சென்ரர் 1969இல் திறந்தது. 2024 யூன் 21, ஒரு வெள்ளிக்கிழமை, கூரையில் பதித்திருந்த இலகு கொங்கிறீற் பலகைகளை நம்பமுடியாது என்று சொல்லி மாகாண அரசு அதை அன்றோடு மூடிவிட்டது. சனி, ஞாயிறு என்றால் அங்கேயே கிடந்த பிள்ளை.

2019இல் நானும் அங்கே போயிருக்கிறேன். பள்ளத்தாக்கின் சரிவில் கட்டிய கட்டடம், நகரும் படிகளில் கீழே கீழே இறங்கவேண்டும். எதைக் கண்டாலும் பிள்ளைகள் ஓடிப்போய்க் கைவைத்தார்கள், திருகினார்கள், இழுத்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. நான் இரண்டு கையையும் களிசான் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நடந்ததைத் தங்கச்சி கண்டுபிடித்து, மின்சாரம் காட்டுகிற இடத்தில் என்னை மேடைக்குத் தள்ளிவிட்டாள். வான் டி கிராஃப் இயந்திரம். உள்ளே ஒரு பட்டி ஓடி ஓடி மின்னேற்றத்தை மேலே உள்ள உலோகக் கோளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். காவலிப் பலகையில் நின்று கோளத்தில் கைவைத்தால் அது உடம்பெல்லாம் பரவும், மயிர் ஒவ்வொன்றிலும் ஒரே ஏற்றம், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழும்பி நிற்கும். வோல்ற்றளவு இலட்சக் கணக்கில் போகும், ஓடுகிற மின்னோ மிகக் கொஞ்சம், அதனால்தான் ஆள் தப்புகிறது. என் தலையில் எழும்ப அதிகம் இருக்கவில்லை. இருந்தது எழும்பியது. பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன ஆவணியில் வந்தார்கள். தங்கச்சி, மருமகள், மருமகன், இங்கே நான், மனைவி, மகன். ஒரு ஹயஸ் வானைப் பிடித்துக்கொண்டு விடியவே வெளிக்கிட்டோம். முதலில் இரணைமடு.

இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்கள் சேர்ந்த இடம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை முடிய இருபது வருடத்துக்குக் கிட்டச் சென்றது. பிறகு பல தடவை கட்டை உயர்த்தி, கடைசித் திருத்தத்துக்குப் பிறகு 36 அடி நீர் பிடிக்கிறது. ஆவணியில் சிறுபோகத்துக்கு இறைத்துக் கொடுத்து வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது.

"மாரியில வந்தா குளம் வான் பாயுறதைப் பாக்கலாம்" என்றாள் மனைவி. குளம் நிரம்பி வழிவதை இங்கே அப்படித்தான் சொல்வோம். மருமகள் திரும்பி எங்கள் வானைப் பார்த்தாள், பிறகு குளத்தைப் பார்த்தாள். மகனுக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம்.

மருமகள் பதின்மூன்று வயதுக்காரி, கேள்வி கேட்கத் தெரிந்தவள். "இவ்வளவு பெரிய குளம், இந்த மண்கட்டைத் தள்ளிக்கொண்டு போகாதா?" நான் வாய் திறக்கமுதல் மகன் தண்ணிப் போத்தலை எடுத்து, வான் சாரதியிடம் ஆணி ஒன்று வாங்கி, மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஓட்டை போட்டான். மேல் ஓட்டையில் ஒழுகியது. கீழ் ஓட்டையில் பீறிட்டது. குளம் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பதைக் கட்டு கண்டுகொள்வதில்லை, எவ்வளவு ஆழம் என்பதுதான் அதற்குக் கணக்கு. 34 அடித் தண்ணீர் ஒரு வளிமண்டலத்தின் பாரம். 36 அடி நிரம்பினால் அடிக்கட்டு தாங்குவது அதற்கும் மேலே. அதனால்தான் கட்டு மேலே ஒடுங்கி, கீழே அவ்வளவு அகலமாகக் காலை விரித்து நிற்கிறது. துருசடியில், அதுதான் மதகடியில், வாய்க்காலுக்குள் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி இதையெல்லாம் கதைத்தோம்.

அலைகரைப் பக்கம் நீர் வற்றி வெடித்துக் கிடந்தது. சின்னவன் முன்னால் ஓடினான். குனிந்தான். மண்ணுக்குள் பாதி புதைந்து கறள் பிடித்த ஒரு வட்டமான சாமான். கையை நீட்டினான்.

"தொடாதே!"

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பிள்ளை அப்படியே உறைந்து நின்றான். மகன், அவனும் சின்னப் பிள்ளைதான், தன் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த காலடியிலேயே பின்னால் வரச்செய்தான். அது கண்ணிவெடிக்காக அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த பாடம். தெரியாத சாமானைத் தொடாதே, உதையாதே, எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதே, பெரியவருக்குச் சொல். நாங்கள் வளர்ந்ததும் அப்படித்தான். ரொறொன்ரோவில் என் கை ஏன் பொக்கற்றுக்குள் இருந்தது என்று தங்கச்சிக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஐயா வந்து பார்த்துவிட்டுத் தடியால் தட்டினார். சைக்கிள் பெல்லின் மூடி.

சின்னவன் அழவில்லை. ஆனையிறவு வரைக்கும் கதைக்கவும் இல்லை.

ஆனையிறவில் பழைய கவச வாகனத்தடியில் ஆட்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் நிற்கவில்லை. உப்பளத்தில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் முன்னமே கேட்டு ஒழுங்கு செய்திருந்தார். சோளகம் ஆளைத் தள்ளியது. அந்தக் காற்றும் வெயிலும்தான் அங்கே இயந்திரம். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வற்றவிடுவார்கள். தடிப்பைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் மிதக்கவிடுவார்கள். சாதாரண கடல்நீரில் மூன்றரைப் பாகை காட்டுவது 25 பாகைக்கு வந்ததும் உப்பு விளையத் தொடங்கும். அதற்கு முதலே ஜிப்சம் படிந்துவிடும். முப்பதுக்குக் கிட்டப் போகவிட்டால் மக்னீசியம் கலந்து உப்புக் கைக்கும், அதற்குள் மிச்ச நீரை வெளியே விடவேண்டும்.

"அந்தக் காலத்தில குழாய் எங்க, முட்டைதான்" என்றார் அண்ணை. நான் வழியில் வாங்கிய முட்டையை எடுத்தேன். குடிதண்ணீர் வாளியில் தாண்டது. கடல்நீரிலும் தாண்டது. விளைகிற பாத்தியில் பந்துபோல மிதந்தது. மருமகள் உள்ளங்கையில் ஒரு உப்புக்கல்லை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு பக்கமும் சதுரம், ஒருவரும் செதுக்காமல்.

சின்னவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "தொடு தம்பி" என்றார் அண்ணை. என்னைப் பார்த்தான். நான் தலையாட்ட, பாத்திக்குள் கையை வைத்தான். விரலில் ஒரு கீறல் இருந்திருக்கிறது. "காந்துது மாமா!" துள்ளினான். துள்ளிவிட்டு மற்றக் கையையும் வைத்தான்.

வடக்கே பளை தாண்டி முகமாலைப் பக்கம் இன்னும் கண்ணிவெடி அகற்றுகிறார்கள், சிவப்புப் பலகைகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போகும் உத்தேசம் முதலில் இருந்தது. திரும்பினோம்.

பரந்தனில் பழைய இரசாயனத் தொழிற்சாலை இருந்த இடத்தைக் காட்டினேன். ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்பகுப்புச் செய்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்த இடம். 1980களில் சண்டையோடு நின்றது. பெரிய வகுப்பில் அந்தச் சமன்பாட்டை எழுதிப் பாடமாக்கிய எங்களில் எத்தனை பேருக்கு, அது நடந்த இடம் பக்கத்து ஊர் என்று தெரியும்?

அங்கேதான் பின் ரயருக்குக் காற்றுப் போனது. ரியூப் ஒட்டுகிற கடைக்காரர் ரயரைக் கழற்றி, ரியூப்பை இழுத்துக் காற்றடித்து, பாதியாய் வெட்டிய பரல் தண்ணீருக்குள் அமத்தினார். சின்னவன் பரலுக்குக் கிட்டப் போய் நின்றான்.

"தொடலாமோ மாமா?"

எனக்கு முதல் கடைக்காரர் சொன்னார். "இஞ்சால வாரும், இதைப் பிடியும். மெல்லமாச் சுத்தும்."

முழங்கை வரை நனைத்துக்கொண்டு சுற்றினான். கால் சுற்று, அரைச் சுற்று. ஊசிமுனை போலக் குமிழ்கள் வரிசையாக எழும்பின. "இஞ்ச! இஞ்ச!" கடைக்காரர் தீக்குச்சியைக் குத்தி அந்த இடத்தை அடையாளம் வைத்தார். இன்னொன்று இருக்குமா பாரும் என்று மிச்சத்தையும் அவனையே சுற்றச் சொன்னார்.

இருந்தது.