ஒசாகாவுக்கு மூன்று நாள்: எங்கே தங்குவது, எதை எப்படிப் பார்ப்பது

சென்னையிலிருந்து ஜப்பான் போகிறவர்களின் பயணத்திட்டத்தை வாங்கிப் பார்த்தால் டோக்கியோவுக்கு நாலு நாள், கியோட்டோவுக்கு இரண்டு நாள், ஒசாகாவுக்குக் கடைசியில் ஒரு சாயங்காலம் என்றுதான் இருக்கும். கோட்டை முன்னால் ஒரு போட்டோ, டோடோன்போரியில் கிளிகோ விளம்பரத்து ஓட்டக்காரர் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு போட்டோ, மறுநாள் காலை விமானம். ஒசாகாவை இப்படிப் பார்ப்பது அநியாயம். மூன்று முழு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பகுதி போதும்.

ஊரின் அமைப்பு மனதில் ஏறிவிட்டால் பாதி அலைச்சல் குறையும். சென்னைக்கு அண்ணா சாலை மாதிரி ஒசாகாவுக்கு மிடோசுஜி. 1937-இல் திறந்த இந்தச் சாலை வடக்கே உமெடாவிலிருந்து தெற்கே நம்பா வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நேராகப் போகிறது. இரு பக்கமும் ஜின்கோ மரங்கள். நவம்பர் கடைசியில் சாலையே மஞ்சளாகிவிடும். இதற்கு அடியில்தான் சிவப்பு நிற மிடோசுஜி மெட்ரோ ஓடுகிறது. உமெடாவில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் நம்பா, அங்கிருந்து இன்னும் சில நிமிடத்தில் தென்னோஜி. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டை ஒட்டியே இருக்கிறது.

தங்குவதற்கு நம்பாதான் சரி. கான்சாய் விமான நிலையத்திலிருந்து நான்காய் என்ற தனியார் ரயில் நேராக இங்கே வந்துவிடும்: சிறப்பு ரயிலான ராப்பிட் என்றால் சுமார் 40 நிமிடம், சாதாரணக் கட்டணத்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்றால் 45 நிமிடம் சொச்சம். அந்தச் சில நிமிடங்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பெரிய பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் மட்டும், இருக்கை உறுதி என்பதால், ராப்பிட் எடுக்கலாம்.

உமெடாவில் தங்கினால் வழி தவறுவது ஏறக்குறைய நிச்சயம். காரணம் பெயர்கள். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையத்துக்குப் பெயர் ஒசாகா. பக்கத்திலேயே மெட்ரோவின் உமெடா, ஹிகாஷி உமெடா, நிஷி உமெடா என்று மூன்று நிலையங்கள், மூன்றும் வேறு வேறு தடம். ஹான்க்யூ, ஹான்ஷின் என்ற தனியார் ரயில்களின் ஒசாகா-உமெடா நிலையங்கள் வேறு. எல்லாம் பூமிக்கு அடியில் கடைவீதிகளால் பின்னிக் கிடக்கின்றன; அங்கே கூகுள் மேப்பின் நீலப் புள்ளியும் தடுமாறும். மேலே தொங்கும் பலகையில் தடத்தின் நிறத்தையும் எழுத்தையும் பார்த்து நடப்பதே வழி. மெட்ரோவின் அந்த மூன்று உமெடாக்களுக்குள் மாறும்போது வெளியே வந்து 30 நிமிடத்துக்குள் மறுபடி நுழைந்தால் ஒரே பயணமாகத்தான் கணக்கு. நடுவில் காபி குடிக்க உட்கார்ந்தால் புதுக் கட்டணம்.

விமான நிலையத்திலேயே ஆளுக்கு ஒரு இக்கோகா என்ற பயண அட்டை வாங்கிவிடுங்கள். 2,000 யென், அதில் 500 முன்பணம், 1,500 பயணத்துக்கு. பணம் ஏற்றும் இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கம்தான் எடுக்கும், கையில் 1,000 யென் நோட்டுகள் இருக்கட்டும். 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். ஆனால் அதற்கான சிறுவர் அட்டை இயந்திரத்தில் வராது, பாஸ்போர்ட்டோடு கவுன்ட்டரில் கேட்க வேண்டும். ஒரே நாளில் மெட்ரோவில் ஐந்தாறு முறை ஏறி இறங்குவதாக இருந்தால் எஞ்ஜாய் எகோ கார்டு என்ற ஒருநாள் சீட்டு லாபம்: வார நாளில் 820 யென், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 620. ஜேஆர் ரயிலில் அது செல்லாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

முதல் நாள் கோட்டை. தானிமாச்சி 4-சோமே நிலையத்தில் இறங்கி, ஓட்டெமோன் என்ற மேற்கு வாசல் வழியாக உள்ளே போங்கள். ஜேஆர் ஒசாகாஜோகோயென் நிலையத்தில் இறங்கிப் பின்பக்கமாகப் போனால், இங்கே பார்க்க வேண்டிய கல் வேலையைத் தவறவிடுவீர்கள். கோட்டைக் கோபுரம் 1931-இல் ஊர் மக்கள் நன்கொடையில் கட்டிய கான்கிரீட் கட்டடம்; உள்ளே லிஃப்ட் கூட உண்டு. டொயொட்டோமி ஹிதெயோஷி என்ற தளபதி 1583-இல் தொடங்கிய கோட்டை 1615 போரில் எரிந்தது. வென்ற தொகுகாவா வம்சம் அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் புதுக் கோட்டை எழுப்பியது. அந்தக் கோபுரமும் 1665-இல் இடி விழுந்து போயிற்று. ஆனால் தொகுகாவா காலத்து மதில்கள் அப்படியே நிற்கின்றன. கிழக்குப் பக்கத்தில் அகழியின் அடியிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 32 மீட்டர் உயரம். எனவே மதிலுக்கு இரண்டு மணி நேரம், கோபுரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

ஓட்டெமோன் வாசலில் மரத் தூண் ஒன்றின் அடிப்பகுதி உளுத்துப்போனதால் புது மரம் பொருத்தியிருக்கிறார்கள். குனிந்து அந்தப் பொருத்தைப் பாருங்கள். எதிரெதிர் இரண்டு முகங்களில் புறாவால் மாதிரி விரிந்த வெட்டு, மற்ற இரண்டு முகங்களில் கூரை மாதிரிக் கூம்பிய வெட்டு. மேலிருந்தும் இறக்க முடியாது, பக்கத்திலிருந்தும் தள்ள முடியாது. எப்படிப் பொருத்தினார்கள் என்பது பல காலம் புதிராக இருந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் சாய்வாக வழுக்கி ஏற்றியிருப்பது தெரிந்தது. தச்சு வேலை தெரிந்தவர்கள் உடன் வந்தால் இங்கிருந்து நகர மாட்டார்கள்.

அடுத்து சகுராமோன் வாசல். உள்ளே நுழைந்ததும் எதிரே சுவர் மாதிரி நிற்பது ஒரே கல். பெயர் தாகோ இஷி, அதாவது ஆக்டோபஸ் கல். முகப்பரப்பு 59 சதுர மீட்டருக்கு மேல். எடை சுமார் 130 டன் என்பது மதிப்பீடு. கடல் வழியாகத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த கருங்கல். மதில் கற்களின் ஓரத்தில் வரிசையாகச் சதுரப் பள்ளங்கள் தெரியும். ஆப்பு அடித்துக் கல்லைப் பிளந்த தடம். மாமல்லபுரத்துப் பாறைகளில் இதே மாதிரித் தடத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். சில கற்களில் வட்டம், கோடு, பூ என்று குறிகள் செதுக்கியிருக்கும். எந்தப் பிரபுவின் ஆட்கள் கொண்டுவந்த கல் என்பதற்கான அடையாளம்.

கோபுரத்துக்குக் கட்டணம் 2025 ஏப்ரலிலிருந்து 1,200 யென். நடுநிலைப் பள்ளி வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசம். ஹிதெயோஷி காலத்துப் புதைந்த மதிலைக் காட்டும் நிலத்தடி அருங்காட்சியகமும் அதே மாதம் திறந்தது, அதே சீட்டில் பார்க்கலாம். லிஃப்ட் 5-ஆம் தளம் வரைதான், அதற்கு மேல் 8 வரை படி. முழங்கால் வலிக்காரர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். காலை 9 மணிக்குத் திறக்கும்போதே போகாவிட்டால் வரிசை நீளும்.

சாயங்காலம் டோடோன்போரி. விளக்கு எரிகிற நேரத்தில் எபிசுபாஷி பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, கூட்டம் மூச்சுமுட்டும்போது தெற்கே இரண்டு திருப்பத்தில் ஹோசென்ஜி சந்துக்குள் நுழையுங்கள். கல் பாவிய குறுகிய சந்து. உள்ளே சின்னக் கோயில். அங்கே நிற்கும் மிசுகாகே ஃபுடோ என்ற தெய்வச் சிலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கரண்டியால் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார்கள். ஊற்றி ஊற்றி உடம்பு முழுக்கப் பாசி படர்ந்து, முகம், கை எதுவும் தெரியாமல் பச்சை உருவமாக நிற்கிறது; விளக்கொளியில் பாசியின் நுனியில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஃபுடோ என்பது சமஸ்கிருதத்தின் அசலன், அசையாதவன். அபிஷேகம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த இடம் அந்நியமாகவே தோன்றாது.

இரண்டாம் நாள் தெற்குப் பக்கம். 593-இல் இளவரசர் ஷோட்டோகு நிறுவிய ஷிடென்னோஜி கோயிலில் தொடங்குங்கள். கட்டடங்கள் போருக்குப் பின் மறுபடி எழுப்பியவை. ஆனால் வாசல், ஐந்தடுக்குக் கோபுரம், பொன் மண்டபம், விரிவுரை மண்டபம் என்று தெற்கு வடக்காக ஒரே கோட்டில் நிற்கும் அமைப்பு பழையது. ஷிடென்னோ என்றால் நான்கு திசைக் காவலர்கள். வடக்கைக் காக்கும் தாமோன்தென் வேறு யாருமல்ல, நம் வைசிரவணன், குபேரன். மேற்கு வாசலில் 1294-ஆம் ஆண்டுக் கல் தோரி (தோரண வாயில்) நிற்கிறது. மார்ச், செப்டம்பர் மாதச் சமஇரவு நாட்களில் அதன் நடுவே சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். மாதந்தோறும் 21, 22 தேதிகளில் வளாகத்தில் பழம்பொருள் சந்தை. பயணத்தை அந்தத் தேதிக்கு ஒட்டி வைக்க முடிந்தால் வையுங்கள்.

அங்கிருந்து தென்னோஜிக்கு நடந்துவிடலாம். 300 மீட்டர் உயர அபெனோ ஹாருகாஸின் உச்சிக்குச் சீட்டு வேண்டும். 16-ஆம் தளத்துத் தோட்டத்துக்கு வேண்டாம். ஊர் அங்கிருந்தே நன்றாகத் தெரியும். கீழே ஹான்காய் டிராம். அதில் ஏறி சுமியோஷி தைஷா கோயிலுக்குப் போங்கள். கட்டணமில்லை. நாலு மூல மண்டபங்களும் 1810-இல் கட்டியவை, பழைய கடல் இருந்த மேற்குத் திசையைப் பார்த்து நிற்கின்றன. முன்னால் இருக்கும் சிவப்பு வளைவுப் பாலம் படத்தில் தெரிவதைவிடச் செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். மழை நாளில் பக்கவாட்டுப் பாதையை எடுங்கள்.

மூன்றாம் நாளைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். கையூகான் மீன்காட்சியகத்தில் எஸ்கலேட்டரில் 8-ஆம் தளம் ஏறி, 5,400 டன் நீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி இறங்கி வர வேண்டும். ஒரே திமிங்கலச் சுறாவை மேலே, நடுவே, அடியில் என்று பார்க்கலாம். இரண்டு மணி நேரம் போதும். யூனிவர்சல் ஸ்டுடியோஸ் என்றால் முழு நாள் போய்விடும். அங்கே நுழைவுச்சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டுக்குள் போய்விட முடியாது. கூட்ட நாளில் நேரச்சீட்டு தனி. உள்ளே கால் வைத்ததும் முதல் வேலையாகச் செயலியில் அதை எடுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் 2.6 கிலோமீட்டர் நீளமுள்ள தென்ஜின்பாஷிசுஜி கடைவீதி. மழைக்குக் கூரை உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் திண்டாட்டம் கறியால் வருவதில்லை, குழம்புத் தண்ணீரால் வருகிறது. காய் மட்டும் போட்ட உடோன் நூடுல்ஸிலும் தாஷி என்ற சாறு இருக்கும். அதில் கொம்பு என்ற கடற்பாசியோடு காய்ந்த மீன் சீவலும் சேரும். ஓகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடையின் மேல் ஆடுகிற மெல்லிய தாளும் மீன் சீவல்தான். 'நிகு, சகானா, தாஷி வா தாபெமாசென்' (கறி, மீன், தாஷி சாப்பிட மாட்டோம்) என்று ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். தென்னோஜி பக்கத்து ஷின்செகாய் பகுதியின் குஷிகாட்சு (குச்சியில் குத்திப் பொரித்தது) கடைகளில் தாமரைத் தண்டு, வெங்காயம் எல்லாம் கிடைக்கும், ஆனால் எண்ணெய் ஒன்றே. பொதுச் சாஸ் பாத்திரத்தில் ஒரு தடவைதான் தோய்க்க வேண்டும். கடித்ததை மறுபடி விட்டால் எச்சில். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இட்லிப் பொடி, தொக்கு எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், கறி ஊறுகாய் வேண்டாம், சுங்கத்தில் பறிபோகும்.

மீனம்பாக்கத்தில் ஒரு கவனம். ஜப்பான் இ-விசாவை இணைய இணைப்போடு போன் திரையில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், அச்சுத்தாள் எடுபடாது. பெற்றோருக்கும் சேர்த்து இதைத் தயாராக வைத்திருங்கள். பள்ளி விடுமுறையில் போவதாக இருந்தால் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையுள்ள அவர்களுடைய கோல்டன் வீக்கைத் தவிர்த்து, மே இரண்டாம் வாரம் கிளம்புங்கள். வெயிலும் இதமாக இருக்கும். அங்கே மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைப் பின் பிளக். நம் உருண்டைப் பின் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும். எஸ்கலேட்டரில் வலது பக்கம் நிற்பது ஒசாகா வழக்கம், டோக்கியோவுக்கு நேர் எதிர்.

திரும்பும்போது ஜேஆர் ரயிலில் விமான நிலையம் போகிறவர்கள் பெட்டி எண்ணைப் பாருங்கள். கான்சாய் ஏர்போர்ட் ரேபிட் பெரும்பாலும் இரண்டு ரயில்களை ஒட்டி ஓட்டுவது. ஹினெனோ நிலையத்தில் பிரியும்: 1 முதல் 4 வரை விமான நிலையத்துக்கு, 5 முதல் 8 வரை வகாயாமாவுக்கு. பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்து மாறிவிடலாம் என்று கடைசி நிமிடத்தில் நினைக்காதீர்கள், ஏறும்போதே சரியான பெட்டியில் ஏறுங்கள்.