தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?

அந்தக் கல்விக் கடன் ஃபைலில் மண்டிக்காரரின் பெயர் எங்குமே இல்லை. அவர் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, போட இடமும் கிடையாது. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு ஜாமீன் வேண்டாம், சொத்து வேண்டாம், கைப்பணமாகப் போட வேண்டிய மார்ஜினும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராக வந்தால் போதும். அந்தப் பெண் கேட்டிருந்தது அதைவிடக் குறைவு. கவுன்சிலிங்கில் கிடைத்த இன்ஜினியரிங் சீட். முதல் பட்டதாரி சலுகையில் டியூஷன் கட்டணம் போய்விட்டது, மிச்சம் ஹாஸ்டல், மெஸ், லேப்டாப்தான். வித்யாலட்சுமி போர்ட்டலில் அவளே விண்ணப்பித்து, பிரிண்ட் எடுத்து, தாள்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

குறை என்று ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும், வங்கியில் கடன் மேஜையில் இருக்கும் நான் அவள் அப்பாவிடம் கேட்டேன்: "இந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"முதலாளியக் கூட்டிட்டு வர்றனுங்க சார்" என்றார். முதலாளி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் முதலாளியான அந்த மண்டிக்காரர் வந்தார். எங்கள் கிளையில் கேஷ் கிரெடிட், அதாவது ஒரு லிமிட் வரை எடுத்துத் திருப்பிக் கட்டும் வியாபாரக் கடன், வைத்திருக்கும் பெரிய கை. மேனேஜர் எழுந்துபோய் கேபினுக்குள் அழைத்தார், டீ வந்தது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். அவர் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். "நம்ம ஆளுதானுங்க. ரொம்ப வருசமா நம்மகிட்ட இருக்கான். தண்ணி கிண்ணி பழக்கமில்ல. நம்பிக் குடுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். பேச்சு அப்படியே அவருடைய லிமிட்டை உயர்த்துவது பற்றிப் போய்விட்டது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மகளின் படிப்புக்காக வந்தவர் "பரவால்லீங்க சார்" என்று கதவோரமாகவே நின்றார்.

பிறகு என் மேஜையில் கையெழுத்து வாங்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அவர் எங்க சார் சைன் பண்ணணும்?"

"வேண்டியதில்லம்மா."

"அப்புறம் எதுக்கு சார் வரச் சொன்னீங்க?"

"கம்முனு இரு கண்ணு" என்று அப்பா அவள் கையைத் தொட்டார். என்னைப் பார்த்து, "சின்னப் புள்ளைங்க, தெரியாம கேக்குது" என்றார். நான் "அது ஒரு நடைமுறைம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன்.

கடன் அந்த வாரமே சாங்ஷன் ஆனது. அதிலே எனக்கு உறுத்தல் இல்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்பதுதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது, அது பொய்யும் இல்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. அதற்குள் பிள்ளைகள் பெங்களூருக்கோ ஓசூருக்கோ போய்விடுவார்கள், நம்பர் மாறியிருக்கும், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் குடும்பம் வேறு தெருவுக்குப் போயிருக்கும். கடன் வாராக் கடனானால் மெமோ வருவது கையெழுத்துப் போட்ட எனக்கு. உள்ளூரில் தெரிந்த ஒரு மனிதர் இருந்தால் விசாரிக்க ஒரு வழி. இதை எந்த லோன் ஆபீசரிடம் கேட்டாலும் தலையாட்டுவார்.

சரி, அப்படியென்றால் அதே ஜூலையில் வந்த ஆசிரியர் வீட்டுப் பையனிடம் ஏன் கேட்கவில்லை? அவனும்தான் பெங்களூர் போவான். அவன் அப்பாவின் சம்பளக் கணக்கு எங்களிடம் இருந்தது என்று சொல்லலாம். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் கணக்கும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததா?

இன்னொன்று. கூட்டுக் கடன்தாரரான அம்மாவின் சிபில் ரிப்போர்ட்டை நான் பார்த்திருந்தேன். மகளிர் குழுக் கடன், ஒரு தவணைகூடத் தவறவில்லை. நல்ல பெயருக்குச் சாட்சி சொல்ல வந்தவரின் கேஷ் கிரெடிட் கணக்கோ அந்தக் காலாண்டில் லிமிட்டைத் தாண்டி, நாங்கள் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்த கணக்கு. இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாது, வாடிக்கையாளர் ரகசியம். ஆனால் கேபினில் அவர் "நம்பிக் குடுக்கலாம்" என்றபோது நானும் மேனேஜரும் தலையாட்டினோம்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "இப்பல்லாம் யாருப்பா அப்படிப் பாக்கறா? இளநீர்க்காரர்கூட கியூஆர் கோட் வச்சிருக்கார், எல்லாருக்கும் ஒரே டோக்கன்தான்" என்றார். பாதி உண்மை. 2014-ல் ஜன்தன் வந்தபோது கணக்கே இல்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்ததை நானும் பார்த்தவன். கவுண்டரில் வித்தியாசம் குறைந்திருக்கிறது. கடன் மேஜைக்கு வரும்போதுதான் யாருடைய ஆள் என்ற விசாரணை ஆரம்பிக்கிறது. அதை ஜாதி என்பதா, வசதி என்பதா, எங்கள் பக்கத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நானும் வசதியான வீட்டிலிருந்து வந்தவன் இல்லை. எனக்கு முதல் கணக்கு தொடங்கியபோது அறிமுகக் கையெழுத்து கட்டாயம். எங்கள் தலைமை ஆசிரியர் வந்து போட்டார். அன்றைக்கு அவமானமாகத் தோன்றவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. அவள் அப்பாவுக்கும் அப்படி இருந்திருக்கலாம், முதலாளியே நமக்காக வந்தார் என்று. அதை அவமானம் என்று நான் தீர்மானிப்பதும் ஒருவகை மேட்டிமையோ என்னவோ. ஆனால் தலைமை ஆசிரியருக்கு நான் பதிலுக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மண்டியில் அந்த அரை மணி நேரத்துக்கு என்ன விலை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் வைக்காமலும் இருக்கலாம்.

அதன்பிறகு கொஞ்ச காலம் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் வாங்காமல் கொடுத்தால்தான் அரசின் கடன் உத்தரவாத நிதியில் சேர்க்க முடியும், அதிலேயே 75 சதவீதம் காப்பு வந்துவிடுகிறது என்று மேனேஜரிடம் வாதாடியும் பார்த்தேன். பிறகு அப்படிக் கொடுத்த ஒரு கடன் வாராக் கடனில் விழுந்தது. புதிதாக வந்த மேனேஜர், "லோக்கல்ல யாரையும் விசாரிக்கலையா?" என்றார். விதியைச் சொன்னேன். "விதி இருக்கட்டும் சார்" என்றார்.

இப்போது இரண்டுக்கும் நடுவாக ஒன்று செய்கிறேன். ஆளைக் கூட்டிவரச் சொல்வதில்லை. "உங்க நம்பர் கிடைக்கலன்னா கூப்பிட இன்னொரு நம்பர் குடுங்க, சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, யாரா இருந்தாலும் சரி" என்று மட்டும் கேட்கிறேன். போன வாரம் பேத்தியோடு வந்த ஒரு பெரியவர் சற்று யோசித்துவிட்டு, பையிலிருந்து அவர் வேலை பார்க்கும் ரைஸ் மில் ஓனரின் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார்.