வேலூர் 40, சென்னை 34: எந்த ஊர் வெயில் மோசம்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் சாயங்காலச் செய்தியில் சதமடித்த ஊர்களின் பட்டியல் வந்துவிடும். கரூர் பரமத்தி, வேலூர், சேலம், ஈரோடு, திருத்தணி என்று பெரும்பாலும் அதே ஊர்கள்தான். சதம் என்பது 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ். சென்னையும் நாகப்பட்டினமும் ஏப்ரலில் அந்தப் பட்டியலில் அபூர்வமாகத்தான் வரும். உடனே கடலோரத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று பேச்சு கிளம்பும். கடலோரத்தில் ஒரு ராத்திரி ஃபேனுக்குக் கீழே படுத்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான் என்று கணக்கும் காட்டுகிறது. உள்மாவட்டத்தில் ஏப்ரல் மதியத்துக்குச் சாதாரணமான ஒரு நிலவரம்: 40 டிகிரி வெப்பம், 25 சதவீத ஈரப்பதம். கடலோரத்தில் அதே நேரத்தில் 34 டிகிரி, 65 சதவீதம். இந்த இரண்டையும் வெப்பக் குறியீட்டில், அதாவது செயலிகள் ‘உணரும் வெப்பம்’ என்று காட்டும் கணக்கில் போட்டால், வேலூருக்கு 41 வரும், சென்னைக்கு 44 தாண்டும். ஆறு டிகிரி குறைவாக இருந்த ஊர் மூன்று டிகிரி முன்னால் போய்விடுகிறது. வானிலைத் துறையும் இதைக் கவனத்தில் வைத்துத்தான் வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும்.

ஊர்களை ஒப்பிடும்போது நடக்கும் பெரிய தவறு ஈரப்பதச் சதவீதத்தில்தான். வானிலை நிலையங்கள் வெளியிடும் ஈரப்பதம் பெரும்பாலும் காலை 8.30க்கும் மாலை 5.30க்கும் எடுத்தது. காலையில் எடுத்த 75 சதவீதத்தையும் மதியம் எட்டிய 40 டிகிரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ‘வேலூரில் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம்’ என்று பகிர்வார்கள். அப்படி ஒரு காற்று நிஜமாகவே இருந்தால் அதன் பனிப்புள்ளி 35 டிகிரியை ஒட்டி இருக்கும். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலையில் பதிவானதும் அந்த 35தான். பாரசீக வளைகுடாவின் கரையில் அபூர்வமாக நடந்தது வேலூரில் வாரம் ஒரு முறை நடக்காது.

சதவீதம் ஏமாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. சூடு ஏற ஏறக் காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும். காலையில் 28 டிகிரியில் 70 சதவீதம் இருக்கும் காற்றை, ஒரு துளி ஈரம்கூடக் கூட்டாமல் குறைக்காமல் 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அதுவே 36 சதவீதமாகிவிடும். நீராவி அதேதான், சதவீதம் மட்டும் பாதியாகிவிட்டது. மதியம் மேலேயுள்ள வறண்ட காற்றும் கீழே கலப்பதால் 25க்கு வந்துவிடும். ஆகவே இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டுமென்றால் சதவீதத்தை விட்டுவிட்டுப் பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிரவைத்தால் பனி பூக்கத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. நேரத்துக்கு நேரம் அது சதவீதத்தைப்போல் தாவாது. 20க்குக் கீழே இருந்தால் வியர்வை உடனே காயும். 24 தாண்டினால் கசகசப்பு. 26 என்றால் குளித்துவிட்டு வந்தும் துண்டு காயாது. மேலே சொன்ன வேலூருக்குப் பனிப்புள்ளி 16, சென்னைக்கு 26.

இதை எங்கே பார்ப்பது? விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் (METAR) என்ற வானிலை அறிக்கைதான் சுலபமான வழி. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி விமான நிலையங்களின் மெட்டார் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் 34/26 என்று ஒரு துண்டு இருக்கும். முதல் எண் வெப்பநிலை, இரண்டாவது பனிப்புள்ளி. வேறெதையும் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கைபேசிச் செயலி காட்டும் எண் பல நேரம் கணினி மாதிரியின் கணிப்பிலிருந்து வருவது, உங்கள் தெருவில் அளந்தது அல்ல. கார் டேஷ்போர்டு காட்டுவதை வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள், அது தார்ச்சாலையின் சூட்டையும் சேர்த்துச் சொல்கிறது.

வீட்டில் இதைக் காட்டும் கருவி மண்பானைதான். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. அது எவ்வளவு தூரம் குளிரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. 40 டிகிரி, 25 சதவீதத்தில் அது 24.4. 34 டிகிரி, 65 சதவீதத்தில் 28.5. நல்ல பானையும் அந்த எல்லைக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலேயே நின்றுவிடும். ஆகவே கொதிக்கிற வேலூரில் பானைத் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருக்கும், சென்னையில் 30ஐ ஒட்டி வெதுவெதுப்பாகவே கிடக்கும். பானைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமில்லை. ஆனால் வறண்ட ஊரிலும் குளிரவில்லையென்றால் பானையைத்தான் பார்க்க வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு துளைகளை அடைத்திருக்கும், வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள், சோப்பு வேண்டாம். வெளியே பெயின்ட் அடித்த அலங்காரப் பானை எந்த ஊரிலும் குளிர்விக்காது. ஈர மணல் மேல், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மூலையில் வைத்தால் பயன் பாதிதான்.

உங்கள் உடம்புக்கும் இதே கணக்குத்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழும் வியர்வை ஒன்றையும் எடுத்துப் போகாது. கடலோரத்தில் சட்டை நனைந்து ஒட்டுகிறதே, அது நீரும் உப்பும் வீணாகப் போவது. உள்மாவட்டத்தில் ஆபத்து வேறு மாதிரி. வியர்ப்பதே தெரியாது, வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டையில் வெள்ளைக் கோடுகள் மட்டும் மிஞ்சும். ‘இன்னிக்கு வேர்க்கவே இல்ல’ என்று சொல்பவர்தான் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காமல் விட்டவர். இரண்டு இடத்திலும் வெறும் தண்ணீர் போதாத நாட்களில், ஒரு லிட்டருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற கரைசல் உதவும். உப்பைக் கண்ணளவாகப் போடக் கூடாது.

ஏர் கூலர் வாங்குவதற்கு முன் ஊரைப் பாருங்கள். தேன்கூடு பேட் உள்ள நல்ல கூலர், வெளிக்காற்றுக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள இடைவெளியில் நான்கில் மூன்று பங்கைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வேலூரில் 40 டிகிரிக் காற்று 28 டிகிரியாக வெளிவரும். சென்னையில் 34 டிகிரிக் காற்று 30க்கு வரும், ஆனால் ஏறக்குறைய 90 சதவீத ஈரப்பதத்தோடு வரும். அறை குளியலறை மாதிரி ஆகிவிடும். மணிக்கு 2,000 கனமீட்டர் காற்றை நிஜமாகவே தள்ளும் கூலர், வேலூர் மதியத்தில் மணிக்குச் சுமார் 11 லிட்டர் குடிக்கும், சென்னையில் 4 லிட்டர்தான். தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது என்று குறைப்பட வேண்டாம், அது வேலை செய்வதற்கான அடையாளம். உள்மாவட்டத்திலும் கூலர் சொதப்பும் ஒரே இடம் மூடிய அறை. எதிர் ஜன்னலைத் திறக்காவிட்டால் அதே ஈரக்காற்று சுற்றிச் சுற்றி வந்து, அரை மணி நேரத்தில் வேலூரும் சென்னையாகிவிடும்.

ஏசியில் நிலைமை தலைகீழ். கடலோரத்தில் ஏசியின் வேலையில் பெரிய பங்கு காற்றிலிருந்து நீரைப் பிழிவது. சின்ன அறைக்குப் பெரிய டன் போட்டால் ஐந்து நிமிடத்தில் சூடு இறங்கி கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் அப்படியே இருக்கும். நின்ற பிறகும் ஃபேன் ஓடினால் உள்ளே குளிர்விக்கும் காயிலில் (குழாய்ச் சுருளில்) ஒட்டிய நீர் திரும்ப அறைக்கே வரும். அதனால்தான் 22 டிகிரி வைத்தும் ‘சில்லென்று இருக்கு, ஆனா பிசுபிசுப்பு போகல’ என்ற புகார். அளவான டன், குறைந்த ஃபேன் வேகம் அல்லது டிரை மோட், 26 டிகிரி, மேலே சீலிங் ஃபேன் என்று வையுங்கள். கடலோரத்தில் அது போதும்.

இனி மாதக் கணக்கு. கோடை ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்க வருவதில்லை. சூரியன் உச்சிக்கு நேராக வருவது கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரம், மதுரையில் ஏப்ரல் நடுவில், சென்னையில் ஏப்ரல் 25ஐ ஒட்டி. மார்ச், ஏப்ரலில் கடல்காற்று எட்டாத கரூர், ஈரோடு, சேலம் வட்டாரம்தான் முதலில் காயும். சென்னையில் அப்போது காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவதால், பகல் 11, 12 மணிக்கே கடல்காற்று புகுந்து 34, 35க்கு மேல் ஏறவிடாது. கோவைக்கும் ஏப்ரல்தான் உச்சம், சராசரியாக 36ஐ ஒட்டி. ஆனால் கடல்மட்டத்துக்கு மேலே 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ராத்திரி 23, 24க்கு இறங்கிவிடும்.

மே கடைசியில் எல்லாம் தலைகீழாகும். தென்மேற்குக் காற்று வலுத்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்து ஈரக்காற்று கோவைக்குள் நுழைகிறது, ஜூனில் பகல் 31, 32 ஆகிவிடும். மலை தாண்டி இறங்கும் அதே காற்று ஈரத்தை இழந்து, சமவெளியில் சூடேறி, சென்னைக்கு மேல்காற்றாக, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றாக வந்து சேரும். அது கடல்காற்றை மதியம் இரண்டு, மூன்று மணிவரை கரையிலேயே தடுத்துவைக்கும். அந்த மூன்று மணி நேரத் தாமதம்தான் 36ஐ 41 ஆக்குவது. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதும் மேல்காற்றுக் காலத்தில்தான். சாதாரண நாளில்கூடக் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் நுங்கம்பாக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடக் காட்டும். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிந்துவிடும். ஆனால் கோவைக்கு அது தாமதமான கணக்கு, சென்னைக்கு அவசரமான கணக்கு. சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதைவிடக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதே ஒரு ஊரின் உச்ச நாளைத் தீர்மானிக்கிறது.

கடல்காற்று நுழையும் அந்த நிமிடம் கவனிக்கத்தக்கது. 40 டிகிரி, 30 சதவீதமாக இருந்தது 35 டிகிரி, 60 சதவீதமாக மாறும். வெப்பமானி ஐந்து டிகிரி இறங்கிவிட்டது, ஆனால் ஈரக்குமிழ் 26லிருந்து 28.5க்கு ஏறியிருக்கிறது. வெளியே நிற்பவருக்குக் காற்றின் வேகத்தால் சுகமாக இருக்கும். காற்று நுழையாத தகரக் கொட்டகைக்குள் வேலை செய்பவருக்கு நிலைமை மோசமாகியிருக்கும். கட்டட வேலை, பட்டறை வேலைக்கு நேரம் குறிப்பவர்கள் வெப்பமானி இறங்கியதைப் பார்த்து ஓய்வு நேரத்தைக் குறைத்துவிடக் கூடாது.

ராத்திரியைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு அரைகுறை. வெப்பநிலை பனிப்புள்ளிக்குக் கீழே எளிதில் இறங்காது. பனிப்புள்ளி 26 உள்ள ஊரில் விடியற்காலையிலும் 28தான். தூங்கும்போதும் உடம்பு ஆறுவதில்லை. உள்மாவட்டத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் படுத்தால் பலன் உண்டு, கடலோரத்தில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

வீட்டில் அளக்க விலை மலிவான டிஜிட்டல் மானி போதும், ஆனால் அது ஐந்து சதவீதம்வரை பிசகும். சரிபார்க்க ஒரு சின்ன மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடிவையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால், இனி பார்க்கும் எண்ணில் 5 கழித்துக்கொள்ளுங்கள். உப்பு கரைந்து வெறும் நீராகிவிட்டால் அளவு தப்பாகிவிடும், அடியில் கரையாத உப்பு இருந்தே ஆக வேண்டும். மானியை மொட்டை மாடிச் சுவரில் மாட்டாதீர்கள், கான்கிரீட் சூட்டில் கூடக் காட்டும். ஆள் மார்பு உயரத்தில், நிழலில், காற்று வரும் பக்கம் தொங்கட்டும்.

கோடை மழை பெய்த மறுநாள் மட்டும் உள்மாவட்டக்காரர்கள் வழக்கமான கணக்கை நம்பக் கூடாது. மண் ஈரம் ஆவியாகிப் பனிப்புள்ளி 23, 24க்கு ஏறியிருக்கும், வெப்பமானியோ நேற்றைவிட இரண்டு டிகிரி குறைவாகக் காட்டும். அன்றைக்குக் கூலரின் பம்ப்பை நிறுத்திவிட்டு, வெறும் ஃபேனாக ஓட்டிக்கொள்ளுங்கள்.