மோர் கேட்ட மாதாவும் முழங்கால் நேர்ச்சையும்

வேளாங்கண்ணிப் பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல்பாதையில் சற்று நேரம் நின்றால், விசுவாசம் வயதுக்கு வயது எப்படி மாறுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை அப்பாவின் தோளில் போகும். நேர்ந்துகொண்டவர்கள் பெற்றோர், கடனும் அவர்களுடையதே. “உனக்காக நேர்ந்தது, நீ வந்து முடி” என்று வளர்ந்த பிள்ளையை இழுத்து வரத் தேவையில்லை. நேர்ச்சை, நேர்ந்தவரை மட்டுமே கட்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம்.

இருபதுகளில் முழங்காலில் போவது பெரும்பாலும் கணக்கோடுதான்: தேர்வு, வேலை, விசா, கல்யாணம். இதை இளக்காரமாகப் பேச வேண்டாம். எல்லோரும் தாண்டி வந்த படிதான். வெயில் ஏறுமுன், காலைப் பூசை முடிந்த கையோடு தொடங்கிவிட வேண்டும். பிறகு மணல் சுடும். முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டினால் கால் மரத்துப்போகும். தளரக் கட்டினால் மணல் உள்ளே புகுந்து தோலை உரிக்கும். பருத்தித் துணியை இரண்டு சுற்று சுற்றி, பாதி வழியில் அவிழ்த்து உதறிக் கட்டுவது உத்தமம்.

ஐம்பதை நெருங்கும்போது வேண்டுதலில் சொந்தப் பெயர் கீழே இறங்கிவிடும். குடிக்கிற தம்பி, வரன் அமையாத மகள் என்று மற்றவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள்.

வேளாங்கண்ணியின் நடுத்திட்டு என்ற இடத்தில் கால் ஊனமுற்ற மோர்க்காரச் சிறுவனுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லும் வரலாற்றைச் சிறுவயதில் கேட்டால், அவன் எழுந்து நடந்ததுதான் மனதில் நிற்கும். வயதான பிறகு கேட்டால், மாதாதான் முதலில் மோர் கேட்டார், அவன் எதையும் வேண்டாமலே கொடுத்தான் என்பது உறைக்கும். குளத்தங்கரைப் பால்காரச் சிறுவனின் வரலாறும் அப்படியே.

அறுபதைத் தாண்டியவர்களின் சங்கடம் வேறு. எப்போதோ நேர்ந்த முழங்கால் நேர்ச்சை பாக்கி இருக்கும், மூட்டு தேய்ந்திருக்கும், ‘மாதா தண்டிச்சிடுவாங்களோ’ என்ற பயமும் இருக்கும். திருச்சபையே வயது பார்த்துத்தான் கேட்கிறது: சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விலக்குவது, 14 வயது நிறைந்ததும் தொடங்கும், ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்புக் கடமை, 18 நிறைந்ததும் தொடங்கி, 59 நிறைந்ததும் தீர்ந்துவிடும். நேர்ச்சைக்கும் வழி உண்டு. அதற்கு ஈடான அல்லது மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம். நோயாளி ஒருவருக்கு மருந்துச் செலவை ஏற்பது போல. குறைக்கவோ விடவோ வேண்டுமானால், தகுந்த காரணம் சொல்லிப் பங்குத்தந்தையிடம் விலக்குக் கேட்க வேண்டும். இதை ஊரிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை உள்ள கூட்டத்தில், இங்கே ஒரு குருவிடம் நின்று நிதானமாகப் பேசுவது கடினம்.